பின்சக்கரங்கள் நேராக நின்ற நாள்

சிவப்பு சிமெண்ட் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு தரை மெழுகின் வாசனை ஏறும், கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டால் தகரக் கேட்டின் அடியில் இருந்த ஒரு சாண் இடைவெளி வழியாக எங்கள் சந்து முழுவதும் வெறும் கால்களும் சக்கரங்களுமாகத் தெரியும். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. ஒன்பது வயதில் என் பொழுதெல்லாம் அந்தத் தரையில்தான் போயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிடவில்லையா என்றால், கூப்பிட்டார்கள். ஆட்டத்துக்கு நடுவே எவளாவது ஒருத்தி "உங்க மம்மி எப்போ வருவாங்க?" என்று கேட்டுத் தொலைப்பாள் என்பதால் நான்தான் போகவில்லை.

அம்மா குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்பது எங்கள் வீட்டின் அதிகாரபூர்வமான அறிவிப்பு. (பேச்சில் மம்மி, டாடிதான், எழுத உட்கார்ந்தால் எனக்கு அம்மா, அப்பா என்றே வருகிறது.) அவளும் அப்பாவும் எதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வீட்டை நடத்தியது அப்பாவின் அக்கா. அத்தையிடம் எதைக் கேட்டாலும் "பெரியவங்க விஷயம், உனக்கெதுக்கு?" என்று ஒரே பதில்தான். கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்தால் "ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்பார். நானும் பண்ணினேன், ஆனால் என் நம்பிக்கையெல்லாம் அப்பாவின் காரின் பின்சக்கரங்கள் மேல்தான் இருந்தது.

அப்பாவிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ஹெரால்டு இருந்தது. சின்ன கார். பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே ஆக்சில் விறைப்பாகப் பிடித்திருக்கும். ஹெரால்டில் அப்படி இல்லை, ஒவ்வொரு சக்கரமும் தன் பாட்டுக்குத் தனியாக ஏறி இறங்கும். ஆகவே பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வண்டி தணிந்து, சக்கரங்கள் இரண்டும் கீழ்ப்பக்கம் வெளியே விரிந்து நிற்கும். ஆள் இறங்கிவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் "காலை அகட்டுறது". ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக அத்தை ஏறி உட்கார்ந்ததும் அப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல், "அக்கா, வண்டி காலை அகட்டிடுச்சு" என்பார். அத்தை சர்ச் வரும்வரை அவரோடு பேசமாட்டார்.

பெண்கள் பின்சீட்டில்தான் உட்காரவேண்டும் என்பது அத்தை போட்ட சட்டம். முன்சீட்டில் அப்பாவின் நண்பர்களோ சர்ச் கமிட்டிக்காரர்களோ உட்காரலாம், வீட்டுப் பெண்கள் கூடாது. சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லாததால் அப்பா மெயின் ரோட்டிலிருந்தே ரிவர்ஸில் வருவார், எனவே எனக்கு முதலில் தெரிவது பின்சக்கரங்கள். இந்த இரண்டையும் சேர்த்து நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அம்மாவை அழைத்துவர அப்பா ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பும்போது சக்கரங்கள் விரிந்திருந்தால் அம்மா வந்துவிட்டாள். நேராக இருந்தால் வரவில்லை. இரண்டு தடவை வருவதாகச் சொல்லிவிட்டு அம்மா வரவில்லை. இரண்டு தடவையும் சக்கரங்கள் நேராக நின்றன. இரண்டாம் தடவை காரிலிருந்து இறங்கிய அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு முறை அந்த முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

மூன்றாவது தடவை ஒரு சனிக்கிழமை. அப்பா காலையில் அரைநாள் வேலைக்குக் கிளம்பும்போதே, "அப்படியே ஸ்டேஷன் போய் மம்மிய கூட்டிட்டு வந்துடறேன்" என்றார். நான் தலை வாரி, நல்ல கவுன் போட்டுக்கொண்டு, கவுன் அழுக்காகும் என்று அத்தை கத்தக் கத்தத் தரையில் படுத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்து முனையில் அந்தச் சத்தம் கேட்டது. ஹெரால்டு எஞ்சின் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். பின்சக்கரங்கள் மெதுவாக, கேட்டை நோக்கி வந்தன. இரண்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி நேராக இருந்தன.

வண்டி நிற்கும்வரை நான் இருக்கவில்லை. எழுந்து, சமையலறை வழியாகப் போய், பின்கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். சர்ச் காம்பவுண்டில் சண்டே ஸ்கூல் நடக்கும் ஷெட் ஒன்று உண்டு. சனிக்கிழமை அங்கே யாரும் வரமாட்டார்கள். அடுக்கி வைத்த பெஞ்சுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அழுது, அழுகை தீர்ந்ததும் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாராவது தேடி வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் வரவில்லை. பசித்தபோது வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் ஊட்டி வர்க்கி பிஸ்கட் ஒரு பொட்டலம் இருந்தது. அத்தை என்னைப் பார்த்ததும், "எங்கடி போய் ஒளிஞ்சுகிட்ட? உங்க மம்மி மூணு மணிநேரம் உக்காந்து பாத்துட்டு இப்பத்தான் போனா, பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சுன்னு" என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "உன்னை தன்கூட குன்னூருக்கு கூட்டிட்டுப் போகலாமான்னு கேக்கத்தான் வந்தாளாம். நீ வர்றேன்னு சொன்னா அனுப்பறேன்னு உங்க டாடியும் சொல்லிட்டான். அவளுக்கு இஷ்டமில்ல போலிருக்கு, அதான் ஓடிட்டாள்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு அப்பா திரும்பி வந்தபோது வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் கார் இல்லை. பச்சை நிறத்தில் வேறு ஒன்று. எங்கள் வண்டியின் கிளட்ச் போய்விட்டதாம். அடுகோடியில் ஆபீஸ் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, ஆபீஸ் நண்பரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். ஹெரால்டுக்குப் பின்னால் வந்த மாடல், அதே எஞ்சின், அதே சத்தம். அடுத்த வாரம் எங்கள் காரை எடுக்கப் போனபோது ஒர்க்‌ஷாப் பாய் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "புதுசுல பின்னாடி ஒரே டண்டா வெச்சுட்டான் சார். பத்து பேரை ஏத்துங்க, சக்கரம் அப்படியே நேரா நிக்கும். உங்க வண்டி மாதிரி காலை விரிக்காது." அந்த டண்டா அவர் பாஷையில் ஆக்சில். நான் அப்பாவின் கையை விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் பெங்களூர் ரோட்டில் போன எந்த ஹெரால்டையும் நான் விட்டதில்லை. இரண்டு கதவு வைத்த பழையது, நான்கு கதவு வைத்தது எல்லாம் காலை அகட்டும். கடைசியாக வந்ததுதான் அகட்டாது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் பழையதன் பின்சக்கரங்கள் கீழ்ப்பக்கம் உள்ளே மடங்கிக்கொள்ளும், புதியதில் தொங்கினாலும் நேராகவே தொங்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் பழையதில் அது மட்டும் சாயும், புதியதில் மற்றதும் சேர்ந்து சாயும். எல்லாம் கற்றுக்கொண்டேன், காலம் கடந்து. அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை. கோபமாக இருப்பாள், பதில் போடமாட்டாள் என்று பயம். அவளிடமிருந்தும் கிறிஸ்துமஸ் கார்டுக்கு மேல் வந்ததில்லை. பிறகு கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டோம், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டோம். எனக்கு அம்மா இருந்தாள், ஆனால் அம்மா இல்லாதவளாகத்தான் வளர்ந்தேன்.

இப்போது அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம், கேட்டின் அடியில் எறும்பு நுழையத்தான் இடமிருக்கிறது. ஹெரால்டைப் பார்க்கவேண்டுமென்றால் பழைய கார்க்காரர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கவேண்டும். சென்ற மாதம் அப்படி ஒரு கூட்டத்தில், பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்த ஒரு ஹெரால்டின் பின்சீட்டில் ஒரு அம்மாளும் பெண்ணும் போட்டோவுக்காக ஏறி உட்கார்ந்தார்கள். சக்கரங்கள் மெல்ல விரிந்தன. மறுநாளே நான் குன்னூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. ஆக்சிலில் ஆரம்பித்து அடுகோடி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ நீ என்னைப் பாத்து ஓடலையா?"

"இல்ல மம்மி. நீங்க வரலேன்னு நெனச்சுத்தான் ஓடினேன்."

"கேட்டிருந்தா, வந்திருப்பியா?"

"கவுன் கூட மாத்தாம வந்திருப்பேன்."

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

"உனக்குன்னு ஒரு சின்ன கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன், இந்த ரூம்லதான்" என்றாள். "நீ வளந்திருப்பே, இனி இது பத்தாதுன்னு தோணினப்பத்தான் எடுத்துக் குடுத்தேன்."