சுண்டைக்காய் அளவு

பிற்பகல் இரண்டேகால் மணி. நான் முதலில் பார்த்தது, அக்காளின் புது மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வாசல் வேப்பமரத்தை இரு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை.

"உட்டாப் பறந்துருவேனுங்க மாமா! புடிச்சுக்குங்க!"

விருந்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். எட்டு வயதில் நானும் சிரித்தேன். பிறகு அவர், நெஞ்சு வெடிக்கிறது, செத்துப்போகிறேன் என்று அழத் தொடங்கினார். சிரிப்பு நின்றது. அக்காள் தாலியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அது முப்பத்தாறாம் வருஷத்து ஆடி விருந்து. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. மாப்பிள்ளை மதுக்கரையில் குமாஸ்தா.

அப்பாவின் அக்காள், எங்கள் அத்தை, விதவை. எங்களோடுதான் இருந்தார். வயிற்றில் கட்டி. வலி வந்தால் துணியைக் கடித்துக்கொண்டு கிடப்பார். சோற்றைப் பார்த்தாலே குமட்டும். வைத்தியர் கஞ்சா சேர்த்துக் கிண்டிய லேகியம் கொடுத்தார். சர்க்கார் லைசென்சுக் கடையில் கஞ்சா விற்ற காலம். சுண்டைக்காய் அளவுக்கு மேல் கூடாது, கூடினால் புத்தி தடுமாறும், நெஞ்சு படபடக்கும் என்பது அவர் கண்டிப்பு. கட்டி கரையவில்லை. ஆனால் அத்தை ரசஞ்சோறு சாப்பிட்டார், தூங்கினார்.

விருந்தன்று அத்தையைப் பின்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். புது மாப்பிள்ளை கண்ணில் விதவை படக்கூடாதாம். அந்தக் 'கூடாதாம்' மீது எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

கறி விருந்து முடிந்து, வயிறு மந்தமாக இருக்கிறது என்ற மாப்பிள்ளை, மாடத்தில் இருந்த அத்தையின் லேகியச் சாடியைத் திறந்து முகர்ந்தார்.

"செரிமான லேகியங்களா? நெய் வாசம் ஆளைத் தூக்குதுங்களே!"

கஞ்சா என்று சொன்னால் சம்பந்தி வீட்டில் கேவலம். வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் இல்லை என்ற சொல் கிடையாது.

"எடுத்துக்குங்க மாப்ள. உங்களுக்கில்லாததுங்களா?" என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் மெல்ல வந்தது. "அம்மணி, சுண்டக்கா அளவுதான். அதுக்கு மேல ஆகாதுன்னு சொல்லு."

"சத்தம் போடாதீங்க. மாப்ளைக்குக் கேக்கும்." அம்மா கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினாள்.

மாப்பிள்ளை எலுமிச்சம்பழ அளவு உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் வேப்பமரம்.

வைத்தியர் ஓடி வந்து நாடி பார்த்தார். தூங்கினால் தெளிந்துவிடும் என்றார். மாலைக்குள் மாப்பிள்ளை குறட்டை விட்டார். அப்பாவுக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். மாப்பிள்ளையைத் திட்ட முடியாது. சாடியைத் தூக்கினார்.

"மானமே போச்சு! இந்தக் கருமாந்திரம் இனி இந்த ஊட்டுல இருக்கக் கூடாது!"

அன்று முதல்முறையாக அத்தை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"கொட்டிப் போடாத கண்ணு. அவரு அள்ளித் தின்னதுக்கு நான் என்ன பண்ணுவேன்? ராத்திரிக்கு எனக்கு வேணும் கண்ணு."

அப்பா சாடியை எருக்குழியில் எறிந்து உடைத்தார். இனி இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று வைத்தியரையும் அனுப்பிவிட்டார். மானம் காப்பாற்றப்பட்டது.

அப்பா விஷத்தை ஒழித்துவிட்டார் என்றே நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அன்று அளவு சொன்ன ஒரே ஆளைத்தான் கதவுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தோம் என்பதோ, தண்டனையும் அவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்பதோ எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை நல்ல பசியோடு எழுந்து பணியாரம் கேட்டார். அத்தை ஆவணிக் கடைசியில் இறந்தார். அதுவரை அவர் வயிற்றில் இறங்கியது கஞ்சித் தண்ணீர் மட்டும்.