ஒடிப்பக்கா அளந்த உருளை

உலோகச் சோதனைக் கூடத்தில் அவளுக்கு ஒடிப்பக்கா என்றுதான் பெயர். இரும்புப் பட்டையை இரண்டு தாங்கிகள் மேல் கிடத்தி, நடுவில் உருளையை இறக்கி, பட்டை நன்றாக மடங்கும்வரை அழுத்துவது அவள் வேலை. வெளிப்புறம் விரிசல் விடாவிட்டால் பட்டை தேறிற்று. பதினெட்டு வருடத்தில் யார் முகத்துக்காகவும் ஒரு விரிசலை அவள் பார்க்காமல் விட்டதில்லை. அதைச் சொல்லிக்காட்டாமலும் ஒரு நாள் விட்டதில்லை.

அவள் நாத்தனாரின் கணவர் கதவுக் கீல் செய்கிறவர், முறைக்கு அண்ணன். சோதனைச் சான்று வேண்டுமென்று மூன்று பட்டைகள் அனுப்பியிருந்தார். மூன்றும் ஒடிந்தன. 'தேறவில்லை' என்று முத்திரை குத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

அதற்குள் சேதி போய், நாத்தனார் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அவள் கணவர் பேச ஆரம்பித்திருந்தார், அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலை அண்ணனே ஒரு பையோடு கூடத்துக்கு வந்துவிட்டார். நல்ல இரும்பு, தன் கையால் அடித்து மடக்கிப் பார்த்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் குண்டு உருளையா பாத்துப் போடக்கூடாதாம்மா?"

உருளை ஒல்லியானால் வளைவு இறுகும், பட்டைக்குச் சோதனை கடுமை, குண்டானால் இளகும். அதனால்தான் பட்டையின் கனத்தைப் போல மூன்று மடங்கு விட்டமுள்ள உருளை என்று கணக்கு வைத்திருக்கிறது, சொந்தத்துக்கு ஒன்று ஊருக்கு ஒன்று கிடையாது என்று பக்கத்து மேசைக்காரருக்கும் கேட்கிற மாதிரி பாடம் எடுத்தாள். எடுத்த வேகத்தில் காலிப்பரை மாட்டி, எந்திரத்தில் இருந்த உருளையை அளந்தும் காட்டினாள்.

ஆறு மில்லிமீட்டர் பட்டைக்குப் பதினெட்டு இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். பன்னிரண்டேதான். முந்தாநாள் மெல்லிய தகடுகளுக்குப் போட்ட உருளை, கழற்றவே இல்லை. அண்ணன் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பதினெட்டு என்றால் நம்பிப் போயிருப்பார். அவள் காலிப்பரை மேசைமேல் வைத்தாள்.

"தப்பு என்னுது. உருளைய மாத்தாம விட்டுட்டேன்."

அண்ணன் சண்டைக்கு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ கிடைக்குமா என்று கேட்டார்.

சரியான உருளையை மாட்டி, பையிலிருந்த பட்டைகளை வளைத்தாள். இரண்டு அழகாக மடங்கின. மூன்றாவது ஓரத்தில் கிழிந்தது. அவளுக்கு உயிர் வந்தது. விரலால் ஓரத்தைத் தடவினாள். வெட்டிய பிசிறு அப்படியே நின்றது. இழுபடும் பக்கம் பிசிறு இருந்தால் கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

"ஏண்ணா, அரம் வச்சுத் தேய்க்கலையா?"

"ரெண்டத் தேய்ச்சேன். மூணாவதுக்குள்ள சாப்பிடக் கூப்பிட்டுட்டா, உன் நாத்தனார்."

எதிரில் இல்லாத ஒருத்தி மேல் பழி விழுந்ததில் இருவருக்கும் மனசு லேசானது. பையிலிருந்த இன்னொரு பட்டையை அண்ணன் அங்கேயே அரம் வாங்கி வழவழவென்று தேய்த்தார். அது தேறிற்று. கிழிந்ததை மறைக்காமல், தன் பிழையையும் சேர்த்து, அவள் அறிக்கையை முழுசாகத் திருத்தி எழுதினாள். மேலாளரிடம் அரை மணி நேரம் வாங்கியும் கட்டிக்கொண்டாள்.

வளைந்த மூன்றையும் அண்ணன் கேட்டு வாங்கிப் போனார். பட்டறைக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறாராம், தங்கச்சி ஒடிக்கப் பார்த்தும் ஒடியாத இரும்பு என்று.