பாக்கியத்தின் ஜெர்க்

திருப்பூருக்கு வந்த புதிதில் ஒருநாள் காலை, நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ராமாத்தாள் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தவர், "ஏனுங் சார், எந்திரிக்கறப்ப இடுப்புல ஒரு ஜெர்க்குங்க" என்றார். மருந்து கேட்கிறாரா, தகவல் சொல்கிறாரா என்று தெரியாமல் தலையை ஆட்டி வைத்தேன். அன்றே அனுப்பர்பாளையம் பேருந்தில் நடத்துநர், "கம்பியப் புடிச்சுக்கங்க, வண்டி ஜெர்க் அடிக்கும்" என்றார். சாயங்காலம் விளக்கு ஒருமுறை மினுக்கியபோது, "கரண்டு ஜெர்க் அடிக்குது" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராமாத்தாளின் குரல் வந்தது. இமை துடித்தால் ஜெர்க். கெட்ட செய்தி கேட்டு நெஞ்சு பதறினால் அதுவும் ஜெர்க்.

எங்கள் பாளையங்கோட்டையில் கண் துடிக்கும், நரம்பு சுண்டும், வண்டி குலுங்கும், தூக்கத்தில் உடம்பு தூக்கிவாரிப் போடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆள் உண்டு. இங்கே அத்தனை பேரையும் கட்டாய ஓய்வில் அனுப்பிவிட்டு, ஓர் ஆங்கிலச் சொல்லிடம் மொத்தப் பொறுப்பையும் ஒப்படைத்திருந்தார்கள். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது எனக்கு உறுத்தியது. ஒரே ஆளிடம் எல்லாப் பிரிவுகளையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

என் மகன் இங்கே ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தான். வெளிநாட்டுக்காரனுக்குத் தினமும் "நாளைக்கு அனுப்பிவிடுகிறோம்" என்று மின்னஞ்சல் எழுதும் வேலை. அவன்தான் எங்களை இங்கே கூட்டிவந்தான். இரண்டு வருடம் கழித்து, பெங்களூரில் வேறு வேலை கிடைத்து மனைவியோடு போய்விட்டான். அயற்பணிக் காலம் முடிந்தது, இனி தாய் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நான் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். அப்போதுதான் என் மனைவி பாக்கியம் வாயைத் திறந்தாள்.

"நான் வரல. தெரு முக்குல இருக்க கம்பெனியில டெய்லருக்கு ஆள் எடுக்காவ. திங்கக்கெழம ட்ரையல்."

"இந்த வயசுலயா?"

"நீங்க ரிட்டயர் ஆயிட்டிய. நான் எப்ப வேலைக்குச் சேந்தேன், ரிட்டயர் ஆவதுக்கு?"

நான் மனத்துக்குள் விதித் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவளை எடுத்துக்கொண்டால் இங்கேயே இருப்பது. எடுக்காவிட்டால் தெற்கே போகும் அடுத்த வண்டி. நான் பெருந்தன்மையோடு சம்மதித்தேன். எடுக்க மாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

பாக்கியத்துக்குத் தைக்கத் தெரியாது என்பதல்ல. ஊரில் எங்கள் தெருவின் பாதி ரவிக்கைகள் அவள் தைத்தவை. சீதனமாக வந்த கால்மிஷினில் அவள் தைக்கும் சத்தம்தான் என் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்துக்குத் தாலாட்டு. சத்தம் நின்றால் விழித்துக்கொள்வேன். அந்த மிஷினை என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். ஆனால் இங்கே மோட்டாரில் ஓடும் மிஷின். அவள் அதைத் தொட்டதுகூட இல்லை.

ட்ரையலுக்கு நானும் கூடப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையையும் பையிலிருந்த இரண்டு பேனாவையும் பார்த்த காவலாளி, ஆடிட் அதிகாரி என்று நினைத்து சல்யூட் அடித்து உள்ளே நாற்காலி போட்டார். நான் மறுக்கவில்லை. சூப்பர்வைசர் பழனிச்சாமி, நாற்பது வயதிருக்கும், பாக்கியத்தை மிஷினில் உட்கார வைத்து ஒரு பனியன் துண்டைக் கொடுத்தார். அவள் காலை வைத்ததும் மிஷின் பாய்ந்தது. நின்றது. மறுபடி பாய்ந்தது. நின்றது.

"கை நல்லா ஓடுதுங்மா," என்றார் பழனிச்சாமி. "ஆனா வண்டி உட்டு உட்டு ஓடுது பாருங், ஒரே ஜெர்க்கு. பனியன் துணிங்க, ஜெர்க் அடிச்சா இழுத்துக்கும்."

"எங்க ஊரு மிஷினு இப்பிடிக் குதிக்காதுய்யா," என்றாள் பாக்கியம்.

"அடுத்த திங்கக்கெழம ஒருக்கா வந்து பாருங். ஜெர்க் போயிருந்துச்சுன்னா சேத்திக்கறோம்."

அன்று மாலையே நான் ரயில் நிலையத்துக்குப் போய் வண்டி நேரம் விசாரித்துவிட்டு, வழியில் அரைக் கிலோ மிக்சரும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்த ஒரு சொல்லின் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

வீட்டில் பாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இல்லாத மிஷினைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் மிக்சரைக் கொறித்தபடி அவள் காலைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கால்விரல் அழுந்துகிறது, குதிகால் அழுந்துகிறது, மறுபடி கால்விரல். கால்மிஷினுக்கு அப்படித்தான் ஆட்ட வேண்டும். ஆனால் கம்பெனியில் பக்கத்து மிஷின்காரர்களை நான் கவனித்திருந்தேன். அங்கே கால்விரல் அழுத்தினால் ஓட்டம், குதிகால் அழுத்தினால் நிறுத்தம். பாக்கியம் தையலுக்கு ஒருமுறை தானே பிரேக் போட்டுக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் இருந்திருப்பேன். ஆனால் ஒரு காரியம் தவறான நடைமுறையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை.

"குதிகாலத் தூக்கு," என்றேன்.

"என்னது?"

"குதிகால்தான் வண்டிய நிறுத்துது. அதத் தரையில வைக்காத."

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "நீங்க யாரு பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

நடைமுறையின் பக்கம். வேறென்ன சொல்ல? மறுநாள் ஒரு சப்பாத்திப் பலகையின் கீழே பனியன் வேஸ்ட் துணியைப் பந்தாகச் சுருட்டி வைத்தேன். அதுதான் பெடல். மோட்டார் இல்லாத குறைக்கு நானே மோட்டார் ஆனேன். எதிரே தரையில் உட்கார்ந்து அவள் காலையே பார்ப்பேன். கால்விரல் மெல்ல அழுந்தினால் மெல்ல "ர்ர்ர்" என்பேன். அதிகமாக அழுந்தினால் குரலை ஏற்றுவேன். குதிகால் கீழே வந்தால் சட்டென்று நிறுத்திவிடுவேன். கூட்டுறவுக் கடன் பாக்கிக்காக ஊர் ஊராக ஜப்தி செய்யப் போன வாய் அது.

மூன்றாம் நாள் ராமாத்தாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஏனுங், தண்ணி மோட்டார் ரிப்பேருங்களா? உட்டு உட்டு ஓடுதுங்களே!"

"ரிப்பேரு மோட்டார்ல இல்லக்கா, கால்ல," என்றாள் பாக்கியம், பலகையிலிருந்து காலை எடுக்காமலே.

ராமாத்தாள் தரையில் உட்கார்ந்திருந்த என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ஓட்டுங் சார்" என்று சொல்லிவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பழனிச்சாமி நின்று பார்க்க, மிஷின் ஒரே சீராக ஓடியது. துணியின் இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை ஒரே இழுப்பு. காவலாளி போட்ட நாற்காலியில் நான் ஒருமுறை துள்ளி விழுந்தேன். அதற்கு எங்கள் ஊரில் ஒரு நல்ல சொல் உண்டு. அந்த நேரத்தில் அது வரவில்லை.

"ஜெர்க்கே இல்லீங்களே! எங்கீங்க பழகுனீங்க?"

"எங்க வீட்டுல ஒரு பழைய மோட்டார் கெடக்குய்யா," என்றாள் பாக்கியம் என்னைப் பார்க்காமல்.

இப்போது நான் காலையில் சோறு வடித்து, டிபன் கேரியரில் அடைத்து, கம்பெனி வாசலில் கொடுத்துவிட்டு வருகிறேன். காவலாளி இன்னும் சல்யூட் அடிக்கிறார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக பாளையங்கோட்டை போயிருந்தோம். அண்ணன் வீட்டில் மைனி தன் ரவிக்கையைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். பாக்கியம் ஆசையாகத் தன் கால்மிஷினில் போய் உட்கார்ந்தாள். கால்விரலை மெல்ல அழுத்திவிட்டு, குதிகாலைத் தூக்கிக்கொண்டு, ஓடும் என்று காத்திருந்தாள். சக்கரம் அரைச் சுற்று போய்ப் பின்னால் திரும்பியது. நூல் அறுந்தது.

"என்னாச்சு?" என்றார் மைனி.

"ஒண்ணுமில்ல மைனி," என்றேன். "ஜெர்க் அடிச்சிட்டு."

"எது அடிச்சிட்டு தம்பி?"

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். குலுங்கல் இல்லை, சுண்டல் இல்லை, துடிப்பும் இல்லை. மைனி எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

பாக்கியம் ஊசியில் நூல் கோத்தாள். முப்பது வருடம் தைத்த மிஷினின் மிதிபலகை மேல் அவள் குதிகால் அந்தரத்தில் தயங்கி நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, மெல்ல ஆரம்பித்தேன்: "ர்ர்ர்..."