மலைக்கு வைத்திருந்த பிளக்குகள்

மகன் காரைச் சர்வீசுக்கு விட்டிருந்தான். புது ஸ்பார்க் பிளக் போட்டுவிட்டு, கழற்றிய நான்கையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். "அது என்ன முறுக்கா அத்தை?" என்று மருமகள் சிரித்தாள். சிரிக்கட்டும். பிளக் என்றால் எனக்கு மண்ணெண்ணெய் நாற்றமடிக்க வேண்டும். இதில் ஒன்றும் அடிக்கவில்லை.

யுத்தகாலத்தில் என் அண்ணன் பழவங்காடியில் வாடகைக் கார் ஓட்டினார். ஆரியசாலையில் வீடு. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். வீட்டு விளக்குக்கே இல்லாத மண்ணெண்ணெயை எங்கிருந்தோ பிடித்து அதில் கலப்பார். வண்டி ஓடும், பிளக்குகள் மறுநாளே கரி பிடித்துவிடும். காலையில் கழற்றி என்னிடம் தருவார். அடுப்போரம் சுட்டு, கம்பி பிரஷால் தேய்ப்பது என் வேலை. சூட்டோடு மாட்டினால்தான் வண்டி கிளம்பும். "ஏட்டி, தோசைக்கல்லு பக்கத்துலயா இந்த எழவ வைக்க?" என்று அம்மா தினமும் கத்துவாள். பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் காபியை மோந்து பார்த்துவிட்டுக் குடிக்காமலே எழுந்து போனாள். எனக்கு வருத்தமில்லை. பையனுக்குக் காது ரொம்பப் பெரிசு.

சாலை பஜார்க் கடைகளில் புதுப் பிளக் வருவது நின்றே போயிருந்தது. அண்ணனிடம் இரண்டு செட் இருந்தன. ஒன்று டவுனுக்கு. மெதுவாக ஓடும்போதும் சூடாகவே இருந்து கரியை எரித்துவிடும். மலைக்கு அது ஆகாது, ஏற்றத்தில் முனை பழுத்து இன்ஜின் தட்ட ஆரம்பித்துவிடும். மலைக்கென்றே கரி படாத வேறு செட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அக்காவை அழைத்து வரத்தான். மலைமேல் பொன்முடி எஸ்டேட் கணக்கப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே.

புறப்படுவதற்கு முந்தின நாள் தங்கப்பன் ஓடி வந்தார். அவரும் வாடகைக் கார்தான்.

"அண்ணாச்சி, கொல்லத்துல ஒரு கொச்சுக் குழந்தைக்குத் தொண்டை அடச்சுக் கிடக்கு. இங்க பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாரணும். எனக்க பிளக்கு ஒண்ணும் கத்தல்ல, பொறியே வரல்ல. காலம்பற தந்துருதேன், கேட்டேளா?"

அண்ணன் துணிச் சுருளை எடுத்து நீட்டினார். "நாளைக்கு மலைக்குப் போணுமே" என்றேன்.

"கொடுக்கதுன்னா நல்லதத்தான்ட்டி கொடுக்கணும்."

வாடகைக் கார்க்காரர்கள் அப்படித்தான். நின்றுபோன வண்டிக்காரனுக்குப் பிளக் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். கொடுத்தால், இருப்பதில் நல்லதைக் கொடுப்பார்கள்.

காலையில் தங்கப்பன் வரவில்லை. காத்துப் பார்த்துவிட்டு அண்ணன் டவுன் செட்டோடு கிளம்பினார். வளைவுக்கு வளைவு இன்ஜின் தட்டியிருக்கிறது. நிறுத்தி ஆறவைத்து, மறுபடி ஏறி, கடைசியில் ஒரு பிளக் முனை உருகியே போயிற்று. மேலே அக்காவுக்கு நாளுக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. அண்ணன் கார் வருகிறதே என்று அவளை ஏற்றாமலே எஸ்டேட் லாரியைக் கீழே அனுப்பிவிட்டார்களாம். உச்சிவேளைக்குச் சேரவேண்டியவர் மீதிப் பிளக்குகளில் இழுத்துக்கொண்டு பொழுது சாயச் சேர்ந்தார். அதற்குள் தாயும் போய், பிள்ளையும் போயிற்று.

தங்கப்பன் பிளக்குகளைத் துடைத்துச் சுற்றி எடுத்து வந்தபோது வீட்டில் சாவுக்கூட்டம். அவருக்கு ஒன்றும் தெரியாது. குழந்தைக்கு ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டாராம். படி ஏறாமல் வாசலிலேயே நின்றார். அண்ணன்தான் எழுந்து போனார்.

"குழந்தை?"

"பொழச்சிட்டு அண்ணாச்சி."

"நல்லது" என்று வாங்கிக்கொண்டார்.

வண்டியை விற்கும்வரை அண்ணன் யாருக்கும் பிளக் இல்லையென்று சொன்னதில்லை. பொன்முடிக்கு மட்டும் போகவே இல்லை. அவர் கண்ணை மூடினார், அம்மாவும் அத்தானும் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அந்தக் குழந்தைக்குப் பேரன் பேத்திகள் இருக்கும். நன்றாக இருக்கட்டும். அக்காவை நாங்கள் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.