ஆறு துண்டாக வாசித்த கதை

கோதுமை மாவில் காய்ச்சிய பசையின் வாசம்... அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பால்மாத் தகர ரின்னுக்குள் கொழகொழவென்று கிடக்கும். எங்காவது அந்த வாசம் வந்தால் எனக்கு உடனே வன்னியின் ஸ்கந்தபுரம்தான் ஞாபகம். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு.

ஏ.எல். சோதனை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலம். சண்டையால் இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்கூடம் ஒன்று கிடுகுக் கொட்டிலில் பின்னேரங்களில் நடந்தது. ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்க ஆளில்லை என்று என்னைத் தொண்டர் ஆசிரியையாகப் பிடித்துப் போட்டார்கள். எனக்கு இருபது வயது. சாறி கட்டியும் பிள்ளைகளுக்குள் நின்றால் என்னைத் தேட வேண்டும். ஆனாலும் படித்து, ஒரு முழு ரீச்சராக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன்.

முதல் கிழமையே மூக்குடைபட்டேன்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஜெனிற்றாவுக்குப் பதினாலு வயது. நான் கொடுத்த நரிக் கதைப் புத்தகத்தை அடுத்த நாளே திருப்பித் தந்தாள்.

"இது தம்பிக்குச் சரி ரீச்சர்."

வீட்டுப் பெட்டியிலிருந்த தடித்த நாவல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் திரும்பி வந்தது.

"இது அம்மாக்குச் சரி. எங்கட வயசுக்கு ஒண்டும் இல்லையோ?"

யோசித்துப் பார்த்தேன்... எனக்கே தெரியாது. அணில், முயல் கதைகளிலிருந்து நேரே பெரியவர்களின் காதலுக்கும் கண்ணீருக்கும் பாய்ந்தவள் நான். இப்போது இளையோர் இலக்கியம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது அந்தப் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அன்றைக்கே கொப்பியில் எழுதினேன். 'ஆசிரியர் கலாசாலைக்குப் போக முதல் இந்த வயதுப் பிள்ளைகளின் கதைகளைத் தேடித் தேடி வாசிக்க வேண்டும். நான் வாசிக்காத எதையும் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.' பெரிய ஆள் மாதிரிக் கீழே கையெழுத்தும் வைத்தேன். சிரிக்காதீர்கள்.

தேடுவது எங்கே? இடம்பெயர்ந்த வாசிகசாலை ஒன்றின் புத்தகங்கள் பக்கத்து ஊரான அக்கராயனில் ஒரு வீட்டில் யூரியாப் பைகளுக்குள் கிடந்தன. சைக்கிளில் போய் இரண்டு நாள் கிளறியதில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. அட்டை இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. வீட்டை விட்டுப் போன அண்ணனைத் தேடிப் புறப்படும் பதின்மூன்று வயதுப் பெண்ணின் கதை.

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம். அது ஏற்கனவே தையல் விட்டுக் கிடந்தது. அதை ஆறு துண்டாகப் பிரித்தோம். ஜெனிற்றா வலை பொத்துகிற நூல் கொண்டுவந்து ஒவ்வொரு துண்டையும் தைத்தாள். நான் பழைய கலண்டர் தாளைப் பசை பூசி அட்டையாக ஒட்டினேன். எந்தத் துண்டு சும்மா இருக்கிறதோ அதை எடுத்து வாசிக்க வேண்டியதுதான். நாலாம் துண்டை முதலில் வாசித்தவன், "இவள் ஏன் ரீச்சர் ஊரெல்லாம் அலையிறாள்?" என்று கேட்டுத் திரிந்தான். கொட்டில் முழுக்க ஒரே கதைதான்.

அந்த ஆரவாரத்தில்தான் பிழை விட்டேன். ஐந்து துண்டு வாசித்திருந்தேன். ஆறாவதை வாசிக்க முதலே, தைத்த கைக்கு முதல் உரிமை என்று ஜெனிற்றாவிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அவளுடைய அண்ணன் சண்டைபிடிக்க இயக்கத்துக்குப் போய் ஒரு வருசம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஆளைக் கண்டதாக யாரோ சொல்ல, தாய் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டா. கடைசித் துண்டும் அவளோடு போய்விட்டது.

ஒரு கிழமை பொறுத்தார்கள்.

"ரீச்சர், தமையனைக் கண்டுபிடிச்சவளோ?"

"நீங்கள் வாசிச்சனீங்கள்தானே, சொல்லுங்கோவன்!"

இருபது வயது ரோசம். வாசிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓம், வாசிச்சனான்" என்று தொடங்கி, அண்ணனைக் கண்டுபிடித்து, இருவரையும் பஸ் ஏற்றி, தாயை வீட்டுப் படலையடியில் நிறுத்தி... கதையை முடித்துவைத்தேன். கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜெனிற்றா வந்தாள். வாங்குப் பலகையில் இருக்க முதலே பக்கத்துப் பிள்ளை சொல்லிவிட்டாள்.

"தமையன் வந்திடுவாராம். ரீச்சர் சொல்லிப்போட்டா."

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள்.

"வரேல்லை. அவள் தனியத்தான் திரும்பி வாறாள்."

பிறகு அவளே கேட்டாள்.

"நீங்கள் வாசிக்கேல்லையோ ரீச்சர்?"

"இல்லைப் பிள்ளை. பொய் சொல்லிப்போட்டன்."

வெட்கத்தில் முகம் எரிந்தது. இனி இந்தப் பிள்ளைகள் என் வாயிலிருந்து வரும் எதை நம்புவார்கள்? பேசாமல் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் முன்னுக்கு வந்து அந்தத் துண்டை நீட்டினாள்.

"நாங்களும் அண்ணாவைக் காணேல்லை. ரெண்டு நாள் முகாம் வாசல்ல இருந்தனாங்கள். அங்க இருந்துதான் வாசிச்சனான். அவள் தனியத் திரும்பி வந்து, அடுத்த நாள் பள்ளிக்கூடம் போறாள் ரீச்சர். அதாலதான் நானும் இண்டைக்கு வந்தனான்... நீங்களும் வாசியுங்கோ."

அந்த இடத்திலேயே கதிரையில் இருந்து வாசித்தேன். பதினெட்டுப் பக்கம். நாற்பது பேரும் சத்தம் போடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "இப்ப வாசிச்சிட்டா" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

இப்போது நான் படிப்பிக்கிற பள்ளிக்கூட லைப்ரரியில் இந்த வயதுக்கென்றே ஒரு அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஒன்றையும் பிரித்துப் பங்கு போடத் தேவையில்லை. வாசித்த பிறகுதான் கொடுக்கிறேன், ஒன்றுகூட விதிவிலக்கில்லை. வீட்டில் தனியாக இருந்து வாசித்துக் கடைசிப் பக்கத்தை முடிப்பேன்... முடித்ததும் என்னை அறியாமல் நிமிர்ந்து பார்ப்பேன்.

எதிரில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.