பெரியப்பாவின் கரும்பலகை

பெரியப்பாவின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவருக்கும் வயதாகிவிட்டது, விடு என்கிறார் அம்மா. ஆறாத கோபத்தை எங்கே கொண்டுபோய் விடுவது?

யூரோ வந்த புதிது. ஜெர்மனியில் வுப்பர்டால் நகருக்கு வெளியே, எங்கள் சிற்றூரில் பழைய பள்ளிக்கூடம் ஒன்று மூடிக் கிடந்தது. உணவகம் வைத்திருந்த ஒரு கிரேக்கரும் காய்கறிக்கடைக்காரரான ஒரு துருக்கியரும் சேர்ந்து அதைத் திருத்தினார்கள், தங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தாய்மொழி படிப்பதற்காக. கீழே கிரேக்கம், மேலே துருக்கி. அப்பா போய்க் கேட்டதும் மூலை அறையை எங்களுக்குத் தந்தார்கள். அங்கே அப்பா எங்களுக்குத் தமிழ் சொல்லித்தந்தார். அந்தக் கட்டடத்தில் ஒரு நாற்காலியில்கூடக் கொடுத்தவர் பெயர் கிடையாது.

பெரியப்பாவுக்கு அது எப்படிப் பொறுக்கும்? தமிழ்க்கடை வைத்து நாலு காசு பார்த்தவர். கரும்பலகை ஒன்று வாங்கித் தந்தார். அதில் 'உபயம்' என்று போட்டு, தன் பெயர், கடைப் பெயர், பிறந்த ஊர் என எல்லாவற்றையும் வெள்ளைப் பெயின்ரில் எழுதுவித்திருந்தார். கோயில் மணியிலிருந்து தண்ணீர்க் குடம் வரை பெயர் பொறிக்கிற சனம் அல்லவா நாங்கள். அப்பாவுக்கு எழுத மிஞ்சியது பாதிப் பலகைதான்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கிரேக்கரும் துருக்கியரும் வந்தார்கள். அவர்களுடைய ஜெர்மனை நான்தான் தமிழில் சொன்னேன். பலகை இருக்கட்டும், பெயரை மட்டும் அழித்துவிடுங்கள். கிரேக்கப் பெயர் இருந்தால் துருக்கிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், துருக்கிப் பெயர் இருந்தால் கிரேக்கப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அதனால் எவர் பெயரும் வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

“நான் கிரேக்கனுமில்லை, துருக்கியனுமில்லை. என்ரை பேர் ஆரைக் கடிக்குது?” என்றார் பலகையைப் பார்க்க வந்திருந்த பெரியப்பா. பிறகு அப்பாவிடம், “மரியாதை இல்லாத இடத்திலை பிள்ளையளை விட ஏலாது. கழட்டு தம்பி.”

அப்பா உடனே கழற்றினார். அதற்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கிரேக்கர் ஒரு பக்கமும் துருக்கியர் மறு பக்கமும் பிடித்து, சுவரில் உரசாமல் பலகையைப் பெரியப்பாவின் வான் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

“வாற சனி வழமைபோல வாங்கோ எண்டு சொல்லுகினம்” என்றேன். அதன் பிறகு நாங்கள் போகவே இல்லை. பலகை கடைக்கு வந்து மீன் விலை சுமந்தது. நின்றுபோன தமிழை முப்பது வயதில் நானே தட்டுத்தடுமாறிப் படித்தேன்.

துருக்கியரின் மகள் ஜெர்மன் பள்ளியில் என் வகுப்பில் இருந்தாள். “அப்பா உங்கள் அறைக்கும் ஹீற்றர் போட்டு வைக்கிறார், ஏன் வருவதில்லை?” என்று அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேட்டாள். அவர்கள் வரச் சொன்னது வெறும் ஒப்புக்குத்தான், உண்மையில் எங்களைத் துரத்திவிட்டார்கள் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துரத்தியவர்கள் எதற்காக வெறும் அறையைச் சூடாக்கி வைக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.