பாய்லர் போன பிறகு

அந்த ஐந்து மாடி வணிகக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'பாய்லர்'தான். கட்டடத்துக்குச் சூடேற்றக் கீழ்த்தளத்தில் டீசலில் எரியும் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அது எரியும்போது ஆள் நகரக் கூடாது. அதனால் முதல் மாடியில் தையல்கடை வைத்திருந்த அவர் மனைவி, மதியமானால் சாப்பாட்டோடு கீழே இறங்கி வருவாள். மாடிக்குச் சூடு சரியாக எட்டாமல் விறைத்த விரல்களைக் கொதிகலன் பக்கம் நீட்டி, "அப்பாடா, இப்பதான் உயிரே வருது" என்பாள். அதைக் கேட்டாலே பாய்லருக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

குளிர்காலம் தொடங்குமுன் உரிமையாளர் எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றினார். மொட்டை மாடியில் ஹீட் பம்ப், கடைக்குக் கடை சுவரில் வெள்ளைப் பெட்டி. பனிக்குச் சூடு, வெயிலுக்குக் குளிர்ச்சி, இரண்டும் அதிலேயே. கொதிகலனை அறுத்து எடுத்துப் போனார்கள். பாய்லரைக் கட்டட மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

பெட்டிகளை மாட்டிய மெக்கானிக் ஒரு சுருட்டை முடிக்காரன், சிரித்த முகம். "அந்தத் தம்பிக்கு நல்ல கைராசிங்க. கடையே கதகதன்னு இருக்கு" என்று மனைவி வீட்டில் புகழ்ந்து தள்ளினாள். அவள் கீழே வருவது நின்றுபோயிற்று. காலையிலேயே டப்பாவைக் கையில் கொடுத்துவிடுவாள். சில்லிட்ட கீழ்த்தளத்தில், கொதிகலன் இருந்த வெறும் தரையைப் பார்த்தபடி அவர் தனியாகச் சாப்பிட்டார்.

ஒருநாள் கடை வாசலைக் கடந்தபோது, உள்ளே சுருட்டையின் கிழிந்த கோட்டை அவள் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொல்ல, ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பாய்லருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்த்தைக்கு வார்த்தை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறான், அதற்கென்ன, சிரித்தாளே!

மறுநாள் காலை, கீழ்த்தள மின்பலகையில் தையல்கடைப் பெட்டிக்கான சுவிட்சை அணைத்துவிட்டார். குளிரட்டும், தானாக இறங்கி வருவாள் என்று கணக்குப் போட்டார்.

அவள் வரவில்லை. சுருட்டைக்குப் போன் போட்டாள். அவன் ஓடி வந்து பெட்டியைக் கழற்றி, ஏணியில் நின்றபடி மதியம் வரை அங்கேயே இருந்தான். பாய்லர் மூன்று சாக்குச் சொல்லி மாடி ஏறி இறங்கினார். கடைசியில் அவனே கீழே வந்தான்.

"அண்ணே, பெட்டியில கோளாறு இல்ல. யாரோ சுவிட்ச அணைச்சிருக்காங்க."

பின்னாலேயே அவளும் வந்து நின்றாள். கணவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சுருட்டை சுவிட்சைப் போட்டுவிட்டு மேலே போகும்வரை காத்திருந்தாள்.

"நீங்கதானே?"

"குளிருன்னா நீ கீழ வருவேன்னு நெனச்சேன்."

"சூட்டுக்காகவா இத்தன வருஷம் இந்த டீசல் நாத்தத்துல வந்து உக்காந்தேன்? அதுக்கு ஒரு ஸ்வெட்டர் போதாதா? உங்களால நகர முடியாதேன்னு வந்தேன். இப்பதான் பாய்லர் இல்லையே, ஒரு நாளாவது மேல வந்தீங்களா? நானும் பாத்துப் பாத்து ரோஷத்துல இருந்துட்டேன்."

அவருக்கு அப்படித் தோன்றியதே இல்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் படியேறினார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு மாடியில், துணிக் குவியலுக்கு நடுவில். ஆனாலும் சுருட்டை எட்டிப்பார்த்து, "அக்கா, இந்தப் பட்டன் பிஞ்சிருச்சு" என்றால் பாய்லருக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும். கடைக்கு வருகிறவர்கள் உட்கார இருக்கும் ஒரே ஸ்டூலை விட்டு இம்மிகூட நகரமாட்டார்.